வீதியோர மரங்கள் வாகனப் புகையை ஈடுசெய்யுமா?

2023 புரட்டாதி 9 – கேள்வி

ஏ9 வீதியின் இரு பக்கமும் யாழ்ப்பாணம் முதல் கண்டி வரை ஐந்து மீற்றருக்கு ஒரு மரம் வீதம் நட்டுவிட்டால், அந்த வீதியில் ஓடும் வாகனங்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டு முழுவதையும் மரங்களே உறிஞ்சிவிடும் என்று எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகத்தில் சொன்னார்கள். இது உண்மையா, ஐயா? உண்மையென்றால் ஏன் இன்னும் செய்யவில்லை? (பரந்தனிலிருந்து ஓர் உயர்தர மாணவன்)

2023 புரட்டாதி 10

முழுவதையும் உறிஞ்சாது, தம்பி. கணக்கை இங்கே வைக்கிறேன்; நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஏ9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். ஐந்து மீற்றருக்கு ஒன்று என்றால் ஒரு கிலோமீற்றருக்கு ஒரு பக்கம் 200, இரு பக்கமும் 400 மரங்கள், மொத்தம் 128,400. நன்கு வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 கிலோ காபனீரொட்சைட்டைத் தன்னுள் சேர்க்கும் என்பது பரவலாகப் பயன்படும் அண்ணளவு. அதன்படி அத்தனை மரங்களும் பிழைத்து, வளர்ந்து, ஒரு கொப்பும் முறியாமல் நின்றால் ஆண்டுக்கு 2,568 தொன் சேரும். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளிவரும். ஆகவே அந்த மரங்கள் எல்லாம் சேர்ந்து ஈடுசெய்வது ஆண்டுக்கு 951,000 லீற்றர் டீசலை, அதாவது நாளொன்றுக்கு 2,600 லீற்றரை மட்டுமே. ஒரு பெரிய பேருந்து லீற்றருக்கு நான்கு கிலோமீற்றர் ஓடுகிறது என்று கொண்டால், யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போக அதற்கு 80 லீற்றர் வேண்டும். 2,600 ஐ 80 ஆல் பிரித்துப் பாருங்கள். வருவது 32.

முப்பத்திரண்டு பேருந்துகள் நாளுக்கு ஒரு தடவை ஒரு திசையில் ஓடினால், அவற்றின் புகையோடு 128,400 மரங்களின் வேலை முடிந்துவிடுகிறது. பாரவூர்தி, டிப்பர், ஹயஸ் வான், முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள் எதுவும் இந்தக் கணக்கில் இன்னும் ஏறவில்லை. இரவு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படும் பேருந்துகளை நின்று பார்த்தவர்களுக்கு 32 எவ்வளவு சிறிய எண் என்பது தெரியும்.

இதனால் வீதியோரத்தில் மரம் நடவேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது ஆண்டுகளாக மரம் நடுபவன் நான். எதற்காக நடுகிறோம், எங்கே நடுகிறோம் என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டு நடவேண்டும் என்பதே என் நிலை.

2023 புரட்டாதி 11

ஒரு லீற்றர் டீசல் ஒரு கிலோகூட இல்லாதபோது அதிலிருந்து 2.7 கிலோ வாயு எப்படி வரும் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஒரு லீற்றர் டீசலின் எடை ஏறக்குறைய 0.84 கிலோ, அதில் 0.73 கிலோவளவு காபன். எரியும்போது ஒவ்வொரு காபன் அணுவோடும் காற்றிலுள்ள இரண்டு ஒட்சிசன் அணுக்கள் சேருகின்றன. 12 பங்கு எடையுள்ள காபன் 44 பங்கு எடையுள்ள காபனீரொட்சைட்டாகிறது. 0.73 ஐ 44 ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்தால் 2.68, ஏறக்குறைய 2.7 வரும். பெற்றோல் இலேசானது, அதற்கு ஏறக்குறைய 2.3 கிலோ.

2023 புரட்டாதி 17

மரமொன்றுக்கு 20 கிலோ என்பது மிகக் குறைவு, ஒரு வேம்பு அதைவிட எவ்வளவோ உறிஞ்சும் என்று சாவகச்சேரியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அந்த எண்ணை மறுபக்கத்திலிருந்து பார்ப்போம். 20 கிலோ காபனீரொட்சைட்டில் இருக்கும் காபன் ஏறக்குறைய 5.5 கிலோ. மரத்தின் உலர்ந்த எடையில் கிட்டத்தட்டப் பாதி காபன். ஆகவே 20 கிலோவை உள்ளே சேர்க்க அந்த மரம் ஆண்டுக்கு 11 கிலோ உலர்ந்த மரத்தை, வேரும் கொப்பும் சேர்த்து, புதிதாக உண்டாக்கவேண்டும். முப்பது ஆண்டுகளில் அது 330 கிலோ. செம்மண் தோட்டத்தின் மூலையில் இறைப்புத் தண்ணீர் குடித்து வளரும் வேம்பு இதைத் தாண்டிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கொங்கிறீற் வாய்க்காலுக்கும் காப்பெற் வீதிக்கும் நடுவே, எட்டு மாதம் மழையில்லாமல், சுண்ணாம்புக் கல்லின் மேல் நிற்கும் வேம்பு இதை எட்டினாலே பெரிய காரியம். வன்னிப் பக்கத்துப் பாலையும் முதிரையும் இன்னும் மெதுவாகத்தான் தடிக்கும்.

இலைகள் உறிஞ்சும் வாயுவில் கிட்டத்தட்டப் பாதியை மரம் தன் சுவாசத்தின்போதே திரும்ப வெளிவிட்டுவிடுகிறது. உதிரும் இலையும் உக்கும்போது வெளிவிடுகிறது. கணக்கில் நிற்பது தண்டிலும் கொப்பிலும் வேரிலும், ஓரளவு மண்ணிலும் தங்குவது மட்டுமே. நிழல் பெரிதாக இருப்பதால் காபனும் நிறைய இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

2023 ஐப்பசி 3

வெட்டப்படும் மரத்தைப் பற்றி யாருமே இங்கே கேட்கவில்லை. அதுதான் எனக்கு முதன்மையான விடயம்.

எங்கள் ஊரை ஊடறுத்துச் செல்லும் வீதியை அகலித்தபோது கோவில் கேணிக்குப் பக்கத்தில் நின்ற மருது ஒன்றைத் தறித்தார்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாத அடிமரம். இயந்திர வாள் உள்ளே போகப்போக மரத்தூள் முதலில் வெளிறியும் பிறகு செம்மண் நிறத்திலும் கொட்டியது. ஈரமான அந்தத் தூள் வாள் பிடித்தவரின் முழங்கைவரை ஒட்டியிருந்தது. பின்னேரத்துக்குள் கொப்புகள் முழுவதும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி ஒரு வெதுப்பகத்தின் போறணைக்குப் போய்விட்டன. அடிமரம் சில கிழமை கிடந்து, அதுவும் துண்டு துண்டாக விறகுக்கே போனது. ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்று பொறுப்பான அலுவலகம் சொன்னது, நட்டார்கள். இன்று அவற்றில் இரண்டு நிற்கின்றன.

அந்த மருதின் உலர்ந்த எடை இரண்டு தொன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருமனுக்கு அது அதிகமான மதிப்பீடல்ல. அதில் ஒரு தொன் காபன், எரிந்தால் 3.67 தொன் காபனீரொட்சைட்டு. ஆண்டுக்கு 20 கிலோ சேர்க்கும் மரம் ஒன்று இதைத் திரும்பச் சேர்க்க 180 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். பத்துக் கன்றும் பிழைத்தாலும் 18 ஆண்டுகள். அதுவும் நட்ட நாளிலிருந்தே அவை வளர்ந்த மரத்தின் வேகத்தில் சேர்த்தால்தான். கன்றுகளால் அது முடியாது, முதல் சில ஆண்டுகளில் அவை சேர்ப்பது மிகச் சொற்பம். இரண்டுதான் பிழைத்தன என்றால் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல்.

மரத்தை வெட்டித்தான் ஆகவேண்டும் என்ற இடத்திலும் அது என்னவாகிறது என்பது முக்கியம். கதவு நிலையாகவோ பலகையாகவோ வளையாகவோ ஒரு வீட்டுக்குள் போனால், அந்த வீடு நிற்கும் காலமெல்லாம் காபன் அதற்குள்ளேயே கிடக்கும். போறணைக்குப் போனால் ஒரு கிழமைக்குள் காற்றோடு கலந்துவிடும். வீதி அகலிப்புக்காகத் தறிக்கப்படும் மரங்களை மரக்காலைக்கே கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுவதற்கு எவருக்கும் செலவில்லை.

2023 ஐப்பசி 4

இந்தியாவில் நெடுஞ்சாலைத் திட்டச் செலவில் ஒரு வீதத்தை மரநடுகைக்கு ஒதுக்குகிறார்களே, இங்கே ஏன் இல்லை என்ற கேள்விக்கு: ஆம், 2015 இல் அவர்கள் வெளியிட்ட பசுமை நெடுஞ்சாலைக் கொள்கையில் மொத்தத் திட்டச் செலவில் 1 வீதம் நடுகைக்கும் பராமரிப்புக்கும் என்று வைத்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது பராமரிப்பு என்ற சொல் அங்கே இருப்பது. நடுகைக்கு மட்டும் காசு ஒதுக்கினால் நடுகை மட்டுமே நடக்கும்.

கர்நாடகத்தில் ஹுலிகல், குதூர் ஊர்களுக்கிடையிலான வீதியில் சாலுமரத திம்மக்காவும் அவருடைய கணவரும் 385 ஆலமரங்களை வளர்த்தார்கள். 2019 இல் அவருக்குப் பத்மசிறி விருது கிடைத்தது. அவர்கள் குடங்களில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள், ஆடு மாடு கடிக்காமல் கன்றுகளைச் சுற்றி முள் அடைத்தார்கள். அந்த மரங்கள் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

2023 கார்த்திகை 5

மரநடுகை மாதம் தொடங்கிவிட்டது. 2014 இல் வடக்கு மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்ததன் பயனாக இன்று பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் கன்று கொடுப்பது ஒரு வழக்கமாகவே ஆகியிருக்கிறது. அது நல்ல வழக்கம். ஆனால் வீதியோரத்துக்கு மட்டும் நான் ஐப்பசி நடுப்பகுதியையே சொல்வேன். எங்கள் மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் பெய்து முடிகிறது. ஐப்பசியில் நடும் கன்றுக்குப் பத்துக் கிழமை மழை கிடைக்கும். கார்த்திகைக் கடைசியில் விழா வைத்து நடும் கன்றுக்கு அதில் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம். தோட்டத்துக் கன்றுக்கு இது பெரிய வித்தியாசமல்ல, கிணறு பக்கத்தில் இருக்கிறது. வீதிக் கன்றுக்கு அந்த ஐந்து கிழமைக்குள் வேர் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதுதான் உயிர்.

எங்கள் சனசமூக நிலையம் ஒருமுறை பிரதான வீதியிலும் அதிலிருந்து பிரியும் ஒழுங்கையிலும் ஒரே நாளில், ஒரே நாற்று மேடைக் கன்றுகளை நட்டது. அடுத்த ஆடியில் போய்ப் பார்த்தோம். பிரதான வீதியில் கன்றுகளைச் சுற்றி வைத்த கூடுகள் நின்றன; உள்ளே கன்றுகள் இல்லை. சில கூடுகளைக் கட்டாக்காலி மாடுகள் சாய்த்திருந்தன, சிலவற்றுக்குள் காய்ந்த குச்சி மட்டும் நின்றது. ஒழுங்கையில் பெரும்பாலானவை பிழைத்திருந்தன. காரணம் தேட வேண்டியிருக்கவில்லை: ஒவ்வொரு கன்றுக்கும் முன்னால் ஒரு படலை இருந்தது, படலைக்குள்ளே ஒரு குடும்பம் இருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒருவர் கொண்டுவந்து ஊற்றினார், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஆட்டைத் துரத்தியது.

2023 கார்த்திகை 12

குழியைப் பற்றிக் கேட்டவருக்கு. வலிகாமத்தில் பல இடங்களில் ஒன்றரை அடிக்குக் கீழே சுண்ணாம்புக் கல் வந்துவிடும். மண்வெட்டியால் கிண்டி, கல் தட்டியதும் நிறுத்தி, அதற்குள் கன்றை வைத்து மூடிவிட்டால் வேர் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில்தான் ஓடும். பிறகு மரம் வீதியைக் கிளப்புகிறது என்று மரத்தின் மேல் பழி விழும். அலவாங்கு போட்டுக் கல்லை உடைத்து மூன்றடி ஆழமாவது இறக்கவேண்டும். கல்லில் வெடிப்புக் கண்டால் அது நல்ல இடம், வேர் அதைப் பிடித்துக்கொள்ளும். அடியில் பூவரசங் குழையோ வேப்பங் குழையோ தாழ்த்தி, எருவும் செம்மண்ணும் கலந்து நிரப்புங்கள். வடமராட்சி கிழக்கு மணலில் கல் பிரச்சினை இல்லை, தண்ணீர் நிற்காத பிரச்சினைதான். அங்கே குழையை இன்னும் அதிகமாகப் போடவேண்டும்.

2023 கார்த்திகை 13

தண்ணீர் பவுசரை வைத்து ஏ9 இல் எல்லாக் கன்றுக்கும் ஊற்றிவிடலாமே என்ற யோசனைக்கு. ஒரு கிலோமீற்றருக்கு 400 கன்று, கன்றுக்கு 10 லீற்றர் என்றால் ஒரு தடவைக்கு 4,000 லீற்றர், ஒரு பவுசர் நிறைய. கன்று கன்றாக நின்று ஊற்றிப் போகும் உழவு இயந்திரம் ஒரு சுற்றுக்கு மூன்று லீற்றர் டீசல் குடிக்கும் என்று வையுங்கள். கிழமைக்கு இரண்டு சுற்று, மழையில்லாத முப்பது கிழமைக்கு 60 சுற்று, 180 லீற்றர். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட அரைத் தொன் காபனீரொட்சைட்டு, மூன்று ஆண்டுக்கு ஒன்றரைத் தொன். மரங்கள் வளர்ந்த பிறகு ஒரு கிலோமீற்றருக்கு ஆண்டுக்கு 8 தொன் சேர்க்கும் என்பதால் இது நட்டமல்ல. ஆனால் நாலில் மூன்று கன்று செத்துப்போனால் அந்த 8 என்பது 2 ஆகிவிடும், டீசல் செலவு மட்டும் குறையாது.

ஆனையிறவைக் கடக்கும் பகுதிக்கு எத்தனை பவுசர் ஊற்றினாலும் பயனில்லை, அது உப்பு மண்.

2024 தை 21

சாவகச்சேரி ஆசிரியை வேறொரு கேள்வியோடு திரும்பி வந்திருக்கிறார்: அவருடைய பாடசாலை வகுப்பறைகள் பிரதான வீதிக்கு மிக அருகில் இருக்கின்றன, பிள்ளைகள் புகையையும் தூசியையும் சுவாசிக்கிறார்கள், மரம் உதவுமா?

இங்கே மரம் உண்மையாகவே உதவும், ஆனால் காபனீரொட்சைட்டு விடயத்தில் அல்ல. பிள்ளைகளின் நெஞ்சைப் பாதிப்பது டீசல் புகையிலுள்ள நுண்துகள்களும் ரயரும் வீதியும் தேய்ந்து எழும் தூசியும். அவை வாகனத்தின் உயரத்திலேயே, தரைக்கு அண்மையில் வருகின்றன. ஆகவே உயர்ந்த தண்டும் மேலே குடையும் கொண்ட மரம் போதாது. நிலத்திலிருந்தே அடர்ந்து, ஆளுயரத்துக்கு மேல் எழும் வேலி வேண்டும். கிளுவையை நெருக்கமாக நட்டு இடையிடையே பூவரசு வைத்தால் இரண்டு மூன்று மாரிக்குள் அது ஒரு சுவராகிவிடும். இடையில் இடைவெளி விடக்கூடாது. புகை இடைவெளிக்குள்ளால்தான் வரும்.

இதற்கு நேரெதிரான இடம் நகரத்தின் ஒடுங்கிய வீதிகள். இரு பக்கமும் மாடிக் கட்டடங்கள், நடுவே வாகன நெரிசல், மேலே மரங்களின் முடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூரைபோல மூடிக்கொண்டால் புகை மேலே போக வழியில்லாமல் கீழேயே தேங்கும். அப்படியான வீதியில் மரங்களை இடைவெளி விட்டுத்தான் வைக்கவேண்டும்.

2024 பங்குனி 30

மாதங்களாக இந்த இழையில் மரம் எவ்வளவு உறிஞ்சும் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். இன்று மத்தியானம் கோப்பாய்ப் பக்கம் சைக்கிளில் போய்வந்த பிறகு எனக்கு வேறொன்றைச் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

காப்பெற் வீதியில் இந்த வெயிலில் ஒருவர் ஏன் சைக்கிள் ஓடவேண்டும்? வெயிலில் கிடக்கும் கறுப்பு வீதியின் மேற்பரப்பு 50 பாகை செல்சியசைத் தாண்டும். மேலிருந்தும் கீழிருந்தும் சூடு அடிக்கும். வழியில் ஓர் ஒழுங்கைக்குள் திரும்பினேன். இரு பக்கமும் வேம்பும் பூவரசும் நின்றன, ஒரு வீட்டுக்காரர் வேலிக்கு வெளியே முள்முருக்கும் விட்டிருந்தார். அந்த ஒழுங்கையில் ஏழெட்டு மாணவிகள் சைக்கிளில் பேசிக்கொண்டு போனார்கள், ஓர் ஐயா விறகு கட்டிக்கொண்டு போனார். பிரதான வீதியில் அந்த நேரத்தில் சைக்கிளே இல்லை. ஓடியவை எல்லாம் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும்தான்.

ஒரு மோட்டார் சைக்கிள் நாளுக்கு 20 கிலோமீற்றர், ஆண்டில் 300 நாள் ஓடினால் 6,000 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் என்றால் 133 லீற்றர் பெற்றோல், ஏறக்குறைய 306 கிலோ காபனீரொட்சைட்டு. அதாவது வளர்ந்த 15 மரங்களின் ஓராண்டு வேலை. இப்பொழுது ஒன்றரைக் கிலோமீற்றர் நீளமான ஓர் ஒழுங்கையை எடுங்கள். இரு பக்கமும் பத்து மீற்றருக்கு ஒன்றாக 300 மரங்கள். அந்த நிழல் இருக்கிறது என்பதற்காக அந்த ஒழுங்கையைப் பயன்படுத்துவோரில் 20 பேர் மோட்டார் சைக்கிளை விட்டுச் சைக்கிளுக்கு மாறினால், அந்த 300 மரங்களும் உறிஞ்சும் அளவுக்குச் சமமான புகை வெளிவராமலே போய்விடும். மரம் உறிஞ்சுவது தனியாக. அதோடு ஒரு மரம் நல்ல நிழல் கொடுக்கப் பத்து ஆண்டு போதும், காபன் சேர்க்க அரை நூற்றாண்டு வேண்டும்.

ஆகவே என் முடிவு இப்போது தெளிவாக இருக்கிறது. புகை குறையவேண்டும் என்பதற்காக மரம் நடுகிறோம் என்றால் நடவேண்டிய இடம் ஏ9 அல்ல. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ஒழுங்கை, சந்தைக்குப் போகும் வீதி, வாசிகசாலைக்கும் ஆயுள்வேத வைத்தியசாலைக்கும் போகும் குறுக்கு வீதி: சைக்கிளால் போய்வரக்கூடிய தூரங்கள் எல்லாம் அவைதான். கண்டிக்குப் போகும் பேருந்தை எந்த நிழலும் சைக்கிளாக்காது.

2024 சித்திரை 2

மேலே சொன்னதற்கு வந்த கடுமையான மறுப்பு: எங்கள் சனம் வெயிலுக்காக மோட்டார் சைக்கிள் வாங்கவில்லை, நேரத்துக்காகவும் மதிப்புக்காகவும் வாங்கியது, மரம் வைத்தால் விற்றுவிடுமா?

விற்காது. ஆனால் 2022 இல் எரிபொருள் இல்லாமல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றபோது இங்கே எத்தனை பேர் சைக்கிளை எண்ணெய் போட்டு எடுத்தார்கள் என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்கு முன்பு 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், கார்கள் மண்ணெண்ணெய்யில் இருமிக்கொண்டு ஓடியபோது, குடாநாடு முழுவதுமே சைக்கிளில்தான் இயங்கியது. அந்த இரண்டு காலமும் நமக்கு நடந்த அநியாயங்கள். அவை திரும்பி வரவேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். சொல்வது இவ்வளவுதான்: சைக்கிளோடு வாழத் தெரிந்த சமூகம் இது, தூரங்கள் குறுகியவை, நிலம் மட்டமானது, ஏற்றமே இல்லை. 2022 இற்குப் பிறகு பலர் சைக்கிளைத் திரும்பச் சுவரில் சாய்த்ததற்கு வெயில் ஒரே காரணம் இல்லையென்றாலும், நாம் கையால் மாற்றக்கூடிய காரணம் அது ஒன்றே.

2024 வைகாசி 14

வீதியோர மரம் விபத்தை உண்டாக்கும் என்று ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. வேகமாக ஓடும் வீதியில் பாதை விலகும் வாகனத்துக்கு பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் தடித்த அடிமரமே ஆபத்தான தடையாகக் கணிக்கப்படுகிறது. அதனால்தான் வீதியின் விளிம்பிலிருந்து பல மீற்றர் வெறுமையாக விடச் சொல்கிறார்கள். ஏ9 இன் ஓரத்திலேயே மருதும் இலுப்பையும் வரிசையாக வைப்பதற்கு இதுவும் ஓர் எதிர்க்காரணம். ஒழுங்கையில் வேகம் குறைவு, மரம் கரையில் நிற்பதே வேகத்தை இன்னும் குறைக்கும்.

மின்கம்பி அடுத்தது. கம்பிக்குக் கீழே வேம்பை நட்டுவிட்டு, அது கம்பியைத் தொட்டதும் நடுக்குருத்தோடு வெட்டி மொட்டையாக்குவது ஆண்டுதோறும் நடக்கிறது. தலை வெட்டப்பட்ட மரம் காபன் சேர்ப்பதும் குறைவு, வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி உக்கி, பிறகு காற்றுக்கு முறிவதும் அதுதான். கம்பி ஓடும் பக்கம் பூவரசு, கொன்றை. கம்பியில்லாத பக்கம் வேம்பு, மருது, இலுப்பை, புளி. நடுவதற்கு முன்பு தலையை ஒருமுறை நிமிர்த்திப் பார்த்தால் போதும்.

2024 வைகாசி 15

வீதியோர நடுகை நாட்டின் வனப்பரப்பைக் கூட்டுமா என்றும் அந்தப் பொறியியலாளர் கேட்டிருந்தார். இலங்கை 2030 இற்குள் வனப்பரப்பை 32 வீதமாக்கவும் 2050 இல் காபன் நடுநிலையை (வெளிவிடும் அளவும் உறிஞ்சும் அளவும் சமமாகும் நிலையை) அடையவும் இலக்கு வைத்திருக்கிறது. ஆனால் ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் வரைவிலக்கணப்படி மரவரிசை ஒன்று காடாகக் கொள்ளப்பட அரை எக்ரேயருக்கு மேல் பரப்பும் 20 மீற்றருக்கு மேல் அகலமும் வேண்டும். வீதிக்கரையின் ஒற்றை வரிசை அதற்குள் வராது.

2024 ஆடி 7

வேலிகளைப் பற்றி எழுதாமல் இந்த இழை முழுமையாகாது. என் சிறுவயதில் இந்த ஒழுங்கைகளின் இரு பக்கமும் கிளுவை, பூவரசு, முள்முருக்கு, பிறகு சீமைக்கிளுவை என்று கதியால் (நட்டால் துளிர்க்கும் கொப்பு) வேலிகளே இருந்தன. இன்று வெளிநாட்டுக் காசு வந்த இடமெல்லாம் மதில். மதில் கட்டுவோரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, காலம் கொடுத்த பயம் அது. ஆனாலும் கணக்கைச் சொல்லவேண்டும். சீமெந்து செய்ய எரிக்கும் சுண்ணாம்புக் கல்லில் 100 கிலோவுக்கு 44 கிலோ காபனீரொட்சைட்டாகவே வெளியேறும், அடுப்புக்கு எரிக்கும் எரிபொருள் அதற்கு மேல். காங்கேசன்துறையில் கல் கிண்டிச் சீமெந்து செய்த காலத்தை அறிந்த ஊர் நாங்கள். ஒரு மதில் எழும்பும்போது ஒரு பக்கம் சீமெந்தின் புகை, மறுபக்கம் அந்த இடத்தில் நின்ற வேலியின் இழப்பு.

உயிர்வேலி பெரிய காபன் களஞ்சியமா என்றால், இல்லை. அதை ஆண்டுதோறும் குழைக்கும் ஆட்டுத் தீனிக்கும் வெட்டுகிறோம், தண்டு தடிக்க விடுவதில்லை. அதன் பயன் வேறு வழியில் வருகிறது: வெட்டிய குழை தோட்டத்து மண்ணுக்குள் போகிறது, மண்ணில் ஒரு பங்கு தங்குகிறது, வாங்கும் யூரியா சற்றுக் குறைகிறது. ஒழுங்கைக்கு நிழலும் தூசிக்குத் தடையும் அதோடு சேர்ந்தவை. மதிலைக் கட்டினாலும் அதற்கு வெளியே ஓரடி விட்டுக் கதியால் நட எவரும் தடைசொல்வதில்லை. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக்காரர் இப்படிச் செய்திருக்கிறார்கள். மதிலும் வெயிலில் கொதிக்காமல் இருக்கிறது.

2024 ஆவணி 18

பனையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக் கிட்டத்தட்டச் சண்டைக்கே வந்துவிட்டார்கள். பனை நம் மரம். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காக எத்தனை பனை விழுந்தது என்பதை நினைத்தால், நடும் ஒவ்வொரு பனங்கொட்டையும் கடன் தீர்ப்பதுதான். ஆனால் அதன் இடம் கடற்கரை, குளக்கட்டு, வெறும் தரவை. தண்ணீரும் கூடும் இல்லாமல் தானே பிழைக்கும், புயலுக்கு நிற்கும், மண்ணைப் பிடிக்கும். சைக்கிள் போகும் ஒழுங்கைக்கு அது நிழல் தராது; காய்க்கத் தொடங்க ஒரு தலைமுறை போலக் காலம் எடுக்கும், காய்த்த பிறகு பனம்பழம் விழும்.

பண்ணையிலும் தீவகத்து வீதிகளிலும் கடல்நீர் இரு பக்கமும் நிற்கும் இடங்களில் கண்ணாவும் கண்டலும்தான் பொருத்தம். ஒரு எக்ரேயருக்கு எவ்வளவு காபன் என்று பார்த்தால் தரைக் காட்டைவிடக் கண்டல் மிக அதிகமாகச் சேர்த்துவைக்கும், அதில் பெரும்பங்கு சேற்றுக்குள் கிடப்பதால் மரம் சாய்ந்தாலும் உடனே வெளிவராது. அங்கே கன்று நடுவதைவிட, தாம்போதிக்குக் கீழே நீரோட்டத்தை அடைக்காமல் விடுவதும், குப்பை கொட்டாமல் விடுவதும் பெரிய உதவி. நீர் ஓடினால் விதை தானே வந்து பிடித்துக்கொள்ளும்.

2024 புரட்டாதி 20

முதலில் கேட்ட மாணவன் பரீட்சை முடிந்து எழுதியிருக்கிறான்: அப்படியானால் எங்கள் கழகம் இந்த மாரிக்கு என்ன செய்யட்டும்?

பாடசாலைக்குச் சைக்கிளில் வரும் பிள்ளைகள் எந்த எந்த ஒழுங்கையால் வருகிறார்கள் என்று முதலில் கேட்டு எழுதுங்கள். அதில் நிழலே இல்லாத ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒழுங்கையிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போய், படலைக்கு முன்னால் ஒரு மரம் வைத்தால் தண்ணீர் ஊற்றுவீர்களா என்று கேளுங்கள். ஓம் என்று சொன்ன வீட்டுக்கு முன்னால் மட்டும் நடுங்கள். எத்தனை நட்டோம் என்று படம் எடுத்துப் போடுவதைவிட, ஒவ்வோர் ஆடியிலும் எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் போடுங்கள். ஆளுயரம் தாண்டிய மரங்களுக்கு நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் சுற்றளவை அளந்து ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். மூன்று நான்கு ஆண்டில் உங்கள் மண்ணில் எந்த மரம் எவ்வளவு தடிக்கிறது என்ற கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும், என்னுடைய 20 கிலோவை நம்பியிருக்க வேண்டியதில்லை.

பூவரசுக்கு நாற்று வாங்கவேண்டாம். கைக்குள் அடங்கும் பருமனில் நேரான கொப்பாகப் பார்த்து, ஆறடி நீளத்துக்குச் சரிவாக வெட்டி, தோல் உரியாமல் ஒன்றரை அடி ஆழத்தில் இறக்கி, சுற்றி மண்ணை மிதித்துவிட்டால் ஐப்பசி மழைக்குத் துளிர்த்துவிடும். ஆளுயரத்துக்கு மேல் துளிர்ப்பதால் ஆடும் எட்டாது. எங்கள் பக்கம் வேலி வெட்டும் காலம் ஐப்பசி முதற் கிழமை. கழகத்தார் உழவு இயந்திரப் பெட்டியோடு வந்தால் கதியால் வேண்டிய அளவு தருவோம்.